அஞ்சலைக்கு எழுதிய ரெஸ்ட்

தண்டவாளத் துண்டில் இரும்பு விழும் சத்தம். டங், டங், டங். என் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பள்ளிக்கூடத்தில் இன்னும் கரண்டு மணி வாங்கவில்லை. மதியச் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் வகுப்புக்கு ஓடுகிறார்கள். எனக்கு மட்டும் கால் நின்றுவிடுகிறது. கையில் இருக்கும் பாத்திரத்தைச் சத்தம் வராமல் கீழே வைக்கிறேன், செருப்பைக் கழற்றுகிறேன், பேச வாயெடுத்த பக்கத்து வீட்டம்மாவை விரலை உதட்டில் வைத்து அடக்கியும் விடுகிறேன். அவர் சிரிக்கிறார். வேலையை விட்டு வந்தாயிற்று, உடம்பு இன்னும் வரவில்லை. எங்கள் காசநோய் சானடோரியத்தில் அந்தச் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான். ரெஸ்ட்.

நர்ஸுகள் போடும் ஆண்டு மலருக்கு எழுதித் தாருங்கள் என்று கேட்டு வந்த பெண் இப்படித்தான் ஆரம்பித்தாள்: "சிஸ்டர், இப்பல்லாம் டி.பி.ன்னா மாத்திரையக் குடுத்து வீட்டுக்கு அனுப்பிடறோம். நீங்க வருஷக்கணக்குல படுக்க வெச்சீங்களாமே, எதுக்கு?"

எதுக்கு என்று கேட்டுவிட்டுக் காப்பியை ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தாள். நல்ல கேள்வி. நாங்கள் யாரும் யாரையும் கேட்காத கேள்வி.

தாம்பரத்தில் எழுத்து வாசனை இல்லாதவர்களுக்கும் தெரிந்த இங்கிலீஷ் சொல் ரெஸ்ட். என் கணவர் ரயில்வேயில் புக்கிங் கிளார்க். அவருக்கு ரெஸ்ட் என்றால் வாரத்தில் ஒரு நாள், அது ஞாயிறாகவும் இருக்கும் புதனாகவும் இருக்கும். "கிரேஸ், எனக்கு நாளைக்கு ரெஸ்ட்" என்று அவர் சொன்னால் தீர்ந்தது. பரண் இறங்கும், சைக்கிள் தலைகீழாக நிற்கும், வீட்டில் ஒரு சாமானும் இருந்த இடத்தில் இருக்காது. சர்ச்சில் பாட்டுக் குழுவை நடத்திய தேவராஜ் சாருக்கு ரெஸ்ட் என்பது ராக நோட்டில் பாட்டை நிறுத்தச் சொல்லிப் போட்டிருக்கும் ஒரு குட்டிக் கொக்கி. அந்த இடத்தில் யாராவது இழுத்துப் பாடிவிட்டால், "அங்க பாடாதீங்கம்மா, அங்க ஆண்டவர் பாடறார்" என்று கையெடுத்துக் கும்பிடுவார். கல்லறைத் தோட்டத்தில் பழைய வெள்ளைக்காரர்களின் கற்களில் பாசிக்கு அடியில் அதே சொல். ஆபீசர்கள் வந்து தங்கும் ரெஸ்ட் ஹவுஸில் யாரும் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை, காலையிலிருந்து கோழி அடித்துக்கொண்டே இருப்பார்கள். எங்கள் வார்டில் முதுகுக்குக் கொடுக்கும் மரச் சட்டத்தின் பெயர் பேக் ரெஸ்ட். அதில் நோயாளியைவிட மூட்டைப்பூச்சிகளே நிம்மதியாக இருந்தன.

ஆனால் எங்கள் டாக்டரம்மா வாயில் அந்தச் சொல் வரும்போது அது வேறு. அது மருந்து. அளவு உண்டு, வேளை உண்டு, மீறினால் கேடும் உண்டு.

நர்ஸிங் படித்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கஞ்சி போட்ட தொப்பி, கொதிக்கும் ஊசிகள், கொஞ்சம் அழுகை, மறுபடியும் கஞ்சி. அறுபதுகளின் தொடக்கத்தில் மாடம்பாக்கம் போகிற வழியில், சவுக்குத் தோப்புக்குள் இருந்த ஒரு சின்ன மிஷன் சானடோரியத்தில் வேலை கிடைத்தது. இரண்டு வார்டு, ஒரு எக்ஸ்ரே அறை, ஒரு சமையல்கட்டு. எல்லாவற்றுக்கும் மேலே டாக்டர் சுகிர்தம்.

உயரமான மனுஷி. கதர்ப் புடவை. மணியடித்ததும் ரப்பர் செருப்பை வார்டு வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு நடப்பார். நடை என்று சொல்லக் கூடாது, நிழல் நகர்கிற மாதிரி. நான் சேர்ந்த புதிதில் ஒரு நோயாளியிடம் "தூங்குங்கம்மா" என்று சொல்லிவிட்டேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"தூங்கச் சொன்னியா?"

"ஆமா டாக்டர்."

"தூக்கத்துல புரளலாம், இருமலாம், கனவு கண்டு கத்தலாம். ரெஸ்ட்ல முடியாது. தூக்கம் வேற. மாத்திச் சொல்லு."

மாற்றிச் சொன்னேன். அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டே "சரிம்மா, நான் ரெண்டையும் செய்யறேன்" என்றார்.

முழு ரெஸ்ட் என்று எழுதிவிட்டால் நோயாளி தன் முகத்தைத் தானே கழுவக் கூடாது. நாங்கள் கழுவுவோம். தலை வாரக் கூடாது, கடிதம் எழுதக் கூடாது, கையைத் தலைக்கு மேல் தூக்கக் கூடாது. பெரிதாகச் சிரிக்கவும் கூடாது, வேடிக்கையாகப் பேசும் சொந்தக்காரர்களை நாங்கள் வாசலிலேயே எச்சரித்து அனுப்புவோம். அதற்கு அடுத்த படியில் சாய்ந்து உட்காரலாம், பல் தேய்த்துக்கொள்ளலாம். அதற்கும் அடுத்த படியில் முதல் சவுக்கு மரம்வரை நடை. பிறகு கிணறுவரை. கடைசியில் கேட்வரை. கேட்டைத் தொட்டுவிட்டு வருகிற நாளில் வார்டே பார்த்துக்கொண்டிருக்கும். நுரையீரலுக்கும் தனியாக ரெஸ்ட் உண்டு. விலாவுக்குள் ஊசி விட்டுக் காற்றை ஏற்றி, கெட்டுப்போன பக்கத்தைச் சுருங்க வைத்துவிடுவார்கள். அந்தப் பக்கம் மூச்சே விடாமல் மாதக்கணக்கில் அடங்கிக் கிடக்கும். மறுபடி மறுபடி காற்றை நிரப்ப வேண்டும். நான் போன காலத்தில் அது குறைந்துகொண்டு வந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி வந்திருந்தது, மாத்திரைகள் வந்திருந்தன. ஆனால் மருந்து வந்த பிறகும் ரெஸ்ட் போகவில்லை. இரண்டும் சேர்ந்தே இருந்தன, மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில் இருப்பது போல.

அறுபதுகள் முடியப் போகிற சமயத்தில்தான் அஞ்சலை வந்தாள்.

படப்பை போகிற ரோட்டில் ஒரு மொட்டைக் குன்று. அதை ஒரு காண்ட்ராக்டர் எடுத்து உடைத்துக்கொண்டிருந்தார். அங்கே ஜல்லி உடைக்கிறவள். முப்பது வயது இருக்கும், பார்த்தால் சொல்ல முடியாது. நாலு பிள்ளைகள். புருஷன் ஏழுமலை லாரியில் கல் ஏற்றுகிறவன். சளியில் கிருமி இருந்தது, எக்ஸ்ரேயில் வலது மேல்பக்கம் ஓட்டை. டாக்டரம்மா சார்ட்டில் முழு ரெஸ்ட் என்று எழுதிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை நான் ஈரத் துணியோடு போனேன்.

"இன்னா சிஸ்டரு இது?"

"முகம் கழுவி விடறேன். நீ அசையாம படு."

"ஐய, எனக்கு இன்னா கையில்லியா? என் மாமியா செத்தப்பதான் இந்த மாரி தொடச்சி வுட்டோம்."

பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு டீச்சரம்மா சிரித்துவிட்டு, சிரித்ததற்காகப் பயந்து என்னைப் பார்த்தார்.

"சிரிக்கக் கூடாது," என்றேன்.

"சிரிக்க வெச்சதுக்கு எனக்கு இன்னா தண்டன? அதையும் எழுதிக்க," என்றாள் அஞ்சலை.

அவளுக்கு ரெஸ்ட் புரியவே இல்லை. கல்லுடைக்கிற இடத்தில் யாராவது படுத்துவிட்டால் ஒன்று குடி, இல்லை சாவு. மூன்றாவதாகப் படுப்பது அவர்கள் ஊரில் கிடையாது. மணியடித்ததும் அவள் கண்ணைத் திறந்துகொண்டு உத்தரத்தை முறைப்பாள். நெஞ்சு படபடவென்று ஏறி இறங்கும். பிள்ளைகள் சாப்பிட்டதுகளா, குன்றுப் பக்கம் போனதுகளா, வேட்டு வைக்கிற நேரமாயிற்றே. அவள் நாடியைப் பிடித்தால் என் விரல் குதிக்கும்.

பிறகு ஒரு வாரம் திடீரென்று அமைதியாகிவிட்டாள். மணியடித்தால் கழுத்துவரை போர்வையை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள். அசைவே இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது, சொல்லிக்கொடுத்தது ஏறிவிட்டது என்று.

ஒரு மதியம் டாக்டரம்மா அவள் கட்டிலருகே நின்றார். மூக்கைச் சுருக்கினார். தரை கழுவும் லைசால் வாடைக்குள் முல்லை மணந்தது. வெறுங்காலோடு குனிந்து, போர்வையின் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கினார்.

வயிற்றின் மேல் ஒரு கைக்குட்டை. அதில் உதிரி முல்லை. அஞ்சலையின் விரல்கள் நார் கொண்டு கட்டிக்கொண்டே இருந்தன. டீச்சரம்மாவைப் பார்க்க வருகிற தங்கை உதிரியாகக் கொண்டுவருவாளாம். வார்டு முழுக்கத் தலையில் வைத்துக்கொண்ட பூவெல்லாம் இவள் கட்டியதுதான். நான்தான் கவனிக்கவில்லை.

"இது என்ன?"

"பூவு, டாக்டரம்மா."

"பூன்னு தெரியுது. இது ரெஸ்ட் அவர்."

"கைதானே ஆடுது? நெஞ்சு ஆடலியே. நீயே தொட்டுப் பாரு."

டாக்டரம்மா கோபப்பட்டால் கத்தமாட்டார். ஒரு சொல்லும் சொல்லாமல் நகர்ந்துவிடுவார், அதுதான் பயம். அன்று நகரவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். நோயாளியின் கட்டிலில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அஞ்சலையின் கை ஓயக் காத்திருக்கவில்லை. கழுத்தோரத்தில் விரலை வைத்து, மறு கையில் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். எண்ணி முடித்தும் விரலை எடுக்கவில்லை. மறுபடி எண்ணினார்.

"கிரேஸ், போன வாரம் இதே நேரம் இவளுக்கு என்ன நாடி?"

சொன்னேன். அவர் போர்வையைப் பழையபடி இழுத்து மூடினார், பூவையும் சேர்த்து. எழுந்து அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அவர் போன பிறகு நானும் நாடியை எண்ணிப் பார்த்தேன். பூக் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் அஞ்சலையின் நாடி அடங்கியிருந்தது.

இதோடு விஷயம் முடிந்திருந்தால் எழுத ஒன்றுமில்லை. அந்த மாதக் கடைசியில் ஏழுமலை வந்தான். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே நின்றான். உள்ளே வர அவனுக்குக் கூச்சம்.

"மேஸ்திரி இன்னா சொல்றான்னா, குடிச வோணும்னா ரெண்டு ஆளு வேலைல இருக்கணுமாம். ஒத்த ஆளுக்குக் குடிச இல்லியாம். புது ஜோடி ஒண்ணு திண்டிவனத்துலேந்து வந்து மரத்தடில காத்துனு கீது. அமாவாசைக்குள்ள இது வேலைக்கு வரலன்னா காலி பண்ணுன்றான்."

"காலி பண்ணி எங்க போவ?" என்று கேட்டேன்.

"அது தெரிஞ்சா இங்க இன்னாத்துக்கு சிஸ்டர் வந்து நிக்கறேன்?"

அஞ்சலை அப்போதே எழுந்து உட்கார்ந்துவிட்டாள். முடியை அள்ளி முடிந்தாள், கையைத் தலைக்கு மேல் தூக்கித்தான். "நான் வூட்டுக்குப் போறேன். கைநாட்டு எங்க வெக்கணும், காட்டு."

அப்படிப் போனவர்களை எனக்குத் தெரியும். பாதி தேறி, இருமல் நின்றதும், "இனிமே நல்லாயிட்டேன்" என்று மூட்டை கட்டுவார்கள். மாத்திரையை நிறுத்துவார்கள். ஒரு மழைக்காலம் போகும். பிறகு கட்டை வண்டியில் திரும்பி வருவார்கள், அப்போது நாங்கள் கொடுக்கும் எந்த மருந்துக்கும் அந்தக் கிருமி பயப்படாது. போனால் உயிர் போகும், இருந்தால் குடிசை போகும், நாலு பிள்ளையும் ரோட்டுக்கு வரும். இதில் எதைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது? பெரிய நர்ஸம்மா பெஞ்சமின் சிஸ்டர், "ஜெபம் பண்ணுவோம்" என்றார். டாக்டரம்மா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பட்டணத்தில் ஏற்கெனவே பேச்சு இருந்தது. வீட்டிலேயே வைத்து, நடமாட விட்டு, மருந்தை மட்டும் ஒழுங்காகக் கொடுத்தவர்களும் படுக்கையில் கிடந்தவர்களைப் போலவே தேறிவிட்டார்களாம். கேள்விப்பட்டபோதெல்லாம் டாக்டரம்மா, "பட்டணத்துல எல்லாத்துக்கும் அவசரம்" என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்துவிடுவார். இருபது வருஷமாகக் கட்டில் கட்டிலாக நடந்து வளர்த்த நம்பிக்கை. சும்மா விடுமா?

கதவு திறந்தது. "கிரேஸ், நீ சைக்கிள் ஓட்டுவியா?"

"தெரியாது டாக்டர்."

"பஸ்ல போனா வாந்தி வருமா?"

"வராது."

"அப்ப சரி. ரெஸ்ட்டை அவ வீட்டுக்கு அனுப்ப முடியாது. மாத்திரையை அனுப்பலாம். வாரா வாரம் நீ போற. முழுங்கறாளான்னு பாக்கற. முழுங்கலன்னா எங்கிட்ட வந்து பொய் சொல்லாத."

"குவாரில தூசி இருக்கே டாக்டர்?"

"அதுக்குத்தான் நானும் வரேன்."

குன்றடியில் மேஸ்திரி முனுசாமி மீசையும் குடையுமாக நின்றிருந்தார். டாக்டரம்மா ஒரு கருங்கல்லின் மேல் உட்கார்ந்தார், கதர்ப் புடவை வெள்ளைத் தூளாகிவிட்டது. நோய் என்ன என்று சொல்லக் கூடாது. சொன்னால் குடிசை அந்த நிமிஷமே போய்விடும். "இந்தப் பொண்ணுக்குக் கல்லு உடைக்கிற வேலை ஆகாது. வேற வேலை குடுங்க," என்றார்.

"வேற வேலன்னா… பொம்பளைங்க கொயந்தைங்கள மரத்தடில தூளி கட்டிப் போட்டுட்டு வரும். ஆட்டி வுட ஒரு ஆளு வோணும்."

"வேண்டாம்!" டாக்டரம்மா எழுந்தே விட்டார். மேஸ்திரி திகைத்துப் பார்த்தார். சளியில் கிருமி குறைந்திருந்தது, இன்னும் போகவில்லை. "அதாவது… அவளுக்கே நாலு இருக்கு. பாவம்."

"நாலு இருக்கவளுக்குத்தாம்மா ஆட்டத் தெரியும்."

"வேற சொல்லுங்க."

மேஸ்திரி குடையால் முதுகைச் சொறிந்துகொண்டார். குவாரியில் வேட்டு வைக்கும்போது ரோட்டில் சிவப்புக் கொடி பிடித்து நின்று பஸ்ஸையும் மாட்டையும் மறிக்க ஓர் ஆள் வேண்டும். கிழவர் ஒருவர் இருந்தார், அவருக்குக் காது போய்விட்டது, வெடித்த பிறகும் கொடியை இறக்குவதில்லை என்று பஸ்காரர்கள் அடிக்க வருகிறார்கள். தூசியிலிருந்து தள்ளி, புளியமரத்து நிழல். மற்ற நேரம் உட்கார்ந்திருக்கலாம்.

டாக்டரம்மா முகம் மலர்ந்தது. உடனே வாடியது. "கத்தணுமா?"

"பின்ன? வேட்டு, வேட்டுன்னு கத்தணும். இல்ல, விசில் ஊதலாம்."

"கத்தவும் கூடாது, ஊதவும் கூடாது."

"இன்னாம்மா டாக்டரு நீ? வேட்டு வெக்கறத ரகசியமா சொல்ல சொல்றியா?"

கடைசியில் ஒரு காலி மண்ணெண்ணெய்த் தகரமும் ஒரு குச்சியும் என்று முடிவாயிற்று. அஞ்சலை தகரத்தை அடித்துப் பார்த்தாள். "எங்க வூட்டு சாவுக்கு இத விட நல்லா அடிப்பாங்க," என்றாள். ஆனால் முகத்தில் சிரிப்பு இருந்தது.

முதல் வாரம் நான் வெள்ளைச் சேலையும் தொப்பியுமாகப் போய் இறங்கினேன். வார்டில் அந்த வெள்ளைக்கு எல்லோரும் நிமிர்வார்கள். குடிசைகளுக்கு நடுவில் அதே வெள்ளை ஊரையே கூட்டிவிட்டது. யாருக்கு என்ன, யாருக்கு என்ன என்று பின்னாலேயே கூட்டம். அஞ்சலை என்னை உள்ளே இழுத்துப் படலைச் சாத்தினாள்.

"உனுக்கு அறிவு கீதா சிஸ்டரு? தமுக்கு போட்டுகினு வந்திருக்கலாமே! இப்ப நான் இன்னான்னு சொல்றது?"

அவளே வெளியே போய் ஏதோ சொன்னாள். கொல்லென்று சிரிப்பு. மறு நிமிஷம் சுற்றிலும் ஒரு ஆம்பளை இல்லை. ஓடியே போய்விட்டார்கள்.

"என்ன சொன்ன?"

"குடும்பக் கட்டுப்பாட்டு அம்மான்னு சொன்னேன். இனிமே ஒருத்தனும் கிட்ட வர மாட்டான்."

அது, குடும்பக் கட்டுப்பாட்டு முக்கோணம் வரைந்த ஜீப்பைக் கண்டாலே ஆபரேஷனுக்குப் பயந்து ஆண்கள் வயல் வழியாக ஓடின காலம். அதற்குப் பிறகு நான் கலர்ச் சேலையில்தான் போனேன், ஆனாலும் பேர் போகவில்லை. பக்கத்துக் குடிசைக்காரி கேட்பாள்: "இன்னாடி அஞ்சல, உனுக்கு மட்டும் வாரா வாரமா? அப்பிடி இன்னாத்ததான் பிளான் பண்றீங்க?"

வாரா வாரம் எங்களுக்குச் சண்டைதான். பி.ஏ.எஸ். மாத்திரை என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. தினமும் ஒரு கைப்பிடி. வயிற்றைப் புரட்டும், கழிய வைக்கும். அவள் முழுங்கினாளா என்று அவள் வாயை நம்பாமல், அவள் சிறுநீரில் ஒரு சொட்டு மருந்து விட்டுப் பார்க்க வேண்டும். முழுங்கியிருந்தால் கருஞ்சிவப்பாக மாறும். நான் புளியமரத்தடிக்கு வருவதைப் பார்த்ததுமே, "வந்துட்டா பாரு, என் மூத்திரத்துக்குப் பொறந்தவ," என்று தகரத்தில் ஒரு தட்டு தட்டுவாள்.

வெயில் ஏறிய ஒரு மாதத்தில் சொட்டு விட்டேன். நிறம் மாறவில்லை. மறுபடி விட்டேன். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

"எத்தனை நாளா முழுங்கல?"

"தெனம் முழுங்கறேன்."

"அஞ்சல, இது பொய் சொல்லாது."

அவள் வேறு பக்கம் பார்த்தாள். "நீ இங்க வந்து நில்லு சிஸ்டரு. வயித்த கலக்குது, ஒதுங்கப் போவணும். அந்த நேரம் அங்க திரிய பத்த வெச்சிட்டான்னா? நான் கொடிய வுட்டுட்டு ஓடி, ஒரு ஸ்கூல் புள்ள சைக்கிள்ல வந்து, தல மேல கல்லு வுழுந்தா? போன வாரம் ஒரு மாடு தப்பிச்சிது. எனுக்கு ராவெல்லாம் அந்த மாடுதான்."

மாத்திரைக்குப் பயந்து அவள் நிறுத்தவில்லை. அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது என்று நிறுத்தியிருக்கிறாள். ஆனால் அதைச் சொன்னால் கிருமி ஒத்துக்கொள்ளுமா? உட்கார்ந்து பேசினோம். இந்தச் சமயத்தில் நோய் திரும்பினால் என்ன ஆகும் என்று ஒளிக்காமல் சொன்னேன், எந்த மருந்தும் பிடிக்காது என்று. பிள்ளைகளின் பேரைச் சொன்னேன். அவள் தகரத்தின் மேல் விரலால் கோடு போட்டுக்கொண்டே கேட்டாள்.

அன்று மாலை டாக்டரம்மா அறையில் நின்று, நிறம் மாறவில்லை என்றேன். காரணத்தையும் சொன்னேன். அவர் எழுந்து ஜன்னலருகே போனார். சவுக்குத் தோப்பில் நடைப் படியில் இருந்த நோயாளிகள் கிணறுவரை போய்த் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

"நான் தப்புப் பண்ணிட்டேனோ, கிரேஸ்?" என்றார். அவர் குரலில் அந்தச் சந்தேகத்தை அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை.

பிறகு நிமிர்ந்தார். "வேட்டு எப்போ எப்போ வைக்கிறாங்க?"

"மதியம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு."

"அப்ப காலை மாத்திரை வேண்டாம். சாயங்கால வேட்டு முடிஞ்ச பிறகு கூழோட மொத்தத்தையும் குடிக்கட்டும். ராத்திரி அவ எத்தனை தடவை ஒதுங்கினாலும் யார் தலையிலயும் கல்லு விழாது."

இவ்வளவுதான் அந்தப் பெரிய வைத்தியம். எந்தப் புஸ்தகத்திலும் மாத்திரை வேளைக்குப் பக்கத்தில் வேட்டு வேளை போட்டிருக்காது. அடுத்த வாரம் சொட்டு விட்டேன். கருஞ்சிவப்பு. அஞ்சலை எட்டிப் பார்த்து, "நல்ல கலரு. இந்தக் கலர்ல ஒரு சேல எடுத்துக் குடேன்," என்றாள். எடுத்தும் கொடுத்தேன், அந்தக் கிறிஸ்மஸுக்கு. அதைக் கட்டிக்கொண்டு மரத்தடியில் நின்றால் கொடியே வேண்டாம் போலிருந்தது.

ஒவ்வொரு மாதமும் சளி எடுத்துப் போனேன். கிருமி இல்லை, இல்லை, இல்லை. எக்ஸ்ரேயில் ஓட்டை சுருங்கி ஒரு கோடாயிற்று. டாக்டரம்மா அந்தப் படத்தை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு, யாரோ விருந்தாளியைப் பார்ப்பது போலப் பார்த்திருந்தார். அதற்கப்புறம் அஞ்சலையைப் போல ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்ப ஆரம்பித்தார். எழுபதுகள் நடுவில் எங்கள் வார்டில் பாதிக் கட்டில் காலி. நான் பஸ்ஸில்தான் இருந்தேன் என்று சொல்லலாம். படப்பை, மணிமங்கலம், வண்டலூர், ஒரு பை மாத்திரை, ஒரு சின்ன பாட்டில். அந்த வாழ்க்கை எனக்குப் பிடித்திருந்தது. நான் ஓரிடத்தில் இருக்கத் தெரியாதவள், ஊரெல்லாம் சுற்றச் சம்பளமும் கொடுத்தார்கள். அந்தப் பெண் கேட்டாளே, எதுக்குப் படுக்க வைத்தீர்கள் என்று. அன்றைக்கு எங்களிடம் அதுதான் இருந்தது, அதையும் மனசாரத்தான் கொடுத்தோம். கேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பியவர்களின் முகம் இன்னும் எனக்குத் தெரியும்.

அஞ்சலைக்கு மருந்து முடிந்த நாளில் கடைசி ரிசல்டைச் சொல்லப் போனேன். மதிய வேட்டு வைக்கிற நேரம். நான் போன பஸ்ஸையே அவள்தான் மறித்தாள். கருஞ்சிவப்புச் சேலை, ஒரு கையில் கொடி, இடுப்பில் தகரம். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு பீடி பற்றவைத்தார். நான் இறங்கி ஓடி, நடு ரோட்டிலேயே சொல்லிவிட்டேன். எல்லாம் சுத்தம், மாத்திரை முடிந்தது.

அவள் குன்றைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"மெய்யாலுமா?"

"மெய்யாத்தான்."

"பசங்களுக்கு?"

"நாலு பேருக்கும் பார்த்தாச்சு. ஒண்ணும் இல்ல."

குன்றுக்குள் வேட்டு வெடித்தது. தரை அதிர்ந்து, புளியமரத்திலிருந்து நாலைந்து பழம் உதிர்ந்தது. பஸ்ஸிலிருந்தவர்கள் "கொடிய எறக்கும்மா!" என்று கத்தினார்கள். அவள் இறக்கவில்லை. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப அடுத்த வாரம் வர மாட்ட?"

"வேற ஊரு போட்டிருக்காங்க. வந்தா பாக்கறேன்."

"வாரா வாரம் சண்ட போட்டுப் பயகிட்டேன். இனிமே நான் யார்கூட போட்றது?"

டிரைவர் ஹாரனை அமுக்கிப் பிடித்தார். நான் படியில் ஏறினேன். அஞ்சலை கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஜன்னலைத் தட்டினாள்.

"சிஸ்டரு, நீ ஒல்லியா கீற. ஒயுங்கா துன்னு. போ, போ, ரைட்டு!"